சாவடியில் சுழன்ற பெட்டி

லண்டனில் இருக்கும் என் பள்ளித் தோழனுக்குச் சுதந்திரத்தில் பெரிய பித்து. நாட்டுச் சுதந்திரத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டான். அவனுக்கு வேண்டியது கணினிச் சுதந்திரம். விண்டோஸ் பாவிக்கிறவன் அடிமை என்பான். விடுமுறைக்குக் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், சாப்பாட்டு மேசையில் என் லப்டொப்பை விரித்துவைத்து, நான் மறுக்க மறுக்க விண்டோஸை அழித்து, இலவசமாய்க் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுவிட்டான்.

போட்டதோடு விட்டானா? திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் அட்டைக்கு, அதை இயக்கும் மென்பொருளாக லினக்ஸோடு வரும் சாதாரண டிரைவர் போதாதாம். அட்டையைச் செய்த கொம்பனியின் டிரைவரை இறக்கி ஏற்றினான். எதற்கு? அப்போதுதான் திரை முழுவதும் ஒரு பெட்டியாக மாறிக் கண்முன்னே சுழலுமாம். "பாத்தியா மச்சான், விண்டோஸ்ல இது ஏலுமா?" என்றான். ஏலாதுதான். ஏலாததால் யாருக்கு என்ன நட்டம் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கிழமையே அவன் விமானம் ஏறிவிட்டான். பெட்டி என் தலையில் விழுந்தது.

எனக்கு வேலை வெள்ளவத்தையில், கணினி வகுப்பொன்றில். யுத்த காலம். காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்குவார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டால் பையைத் திறக்கச் சொல்வார்கள். பைக்குள் லப்டொப் இருந்தால் அதை இயக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது குண்டில்லை என்பதற்குத் திரையில் படம் வருவதுதான் சாட்சி. அந்தச் சாவடி ஆமிக்காரன் ஒருவன் முதல் நாளே பெட்டி சுழல்வதைக் கண்டு வாயைப் பிளந்தான். அதன் பிறகு என் அடையாள அட்டையைக்கூடப் பார்ப்பதில்லை. "மல்லி, அர பெட்டிய கரகவன்ன," என்பான் சிங்களத்தில். தம்பி, அந்தப் பெட்டியைச் சுற்றிக் காட்டு. நானும் குரங்காட்டி மாதிரிச் சுற்றிக் காட்டுவேன். மற்றவர்கள் வரிசையில் நிற்க, நான் முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறுவேன். அவனுக்கு என்னை நல்லாய்த் தெரியும் என்று மனைவியிடம் அளந்தும் இருக்கிறேன்.

ஒரு நாள் லினக்ஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவா என்று கேட்டது. சரி என்றேன். மறுநாள் காலை சாவடியில் திறந்தால் பெட்டியும் இல்லை, படமும் இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. என்ன நடந்தது என்று உடனே விளங்கிவிட்டது. சிஸ்டத்தின் அடிப்பாகம் புதிதாகிவிட்டது. கொம்பனி டிரைவர் பழைய அடிப்பாகத்துக்கென்று கட்டப்பட்டது. இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. ஒரு கோப்பைத் திறந்து, கொம்பனி டிரைவரின் பெயரை அழித்துச் சாதாரண டிரைவரின் பெயரை எழுதினால் படம் வரும். தட்டத் தொடங்கினேன்.

"அத அயின் கரன்ன!" கையை எடு என்று கத்தினான், அதே ஆமிக்காரன். கறுப்புத் திரையில் தமிழன் ஒருவன் எதையோ தட்டினால் அது யாருக்கோ போகிற செய்தியாகத்தானே இருக்கும்? "மம தமய், அய்யே," என்றேன். நான்தான் அண்ணே, பெட்டி சுற்றுகிறவன். அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என்னையும் லப்டொப்பையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அவனும் கூடவே வந்தான்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி தன் முன்னால் வைத்துத் திருத்தச் சொன்னார். இரண்டு தரம் பிழையாகத் தட்டினேன். அப்படி உள்ளே போய் வீடு திரும்பாதவர்களை எங்கள் வீட்டு ஒழுங்கையிலேயே எனக்குத் தெரியும். ஒருவாறு அந்தச் சொல்லை மாற்றினேன். கொழுத்த எழுத்தோடு, பார்க்கச் சகிக்காமல், படம் வந்தது. அந்தோனியாரே என்று மூச்சு விட்டேன். அதிகாரி விடவில்லை. ஆமிக்காரனைக் கூப்பிட்டு, தினமும் வருகிற மெஷின் இதுதானா என்று கேட்டார். அவன் குனிந்து பார்த்தான். இது அது இல்லை சேர், அதில் பெட்டி சுற்றும் என்றான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சாதாரண டிரைவரில் பெட்டி சுற்றாது. பெட்டி சுற்றும் டிரைவரில் படமே வராது. அடையாள அட்டை, தமிழர் வீட்டுக்கு எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாம் மேசையில் கிடக்கின்றன. நான் யார் என்று நிரூபிக்க இவர்களுக்கு வேண்டியதோ ஒரு விளையாட்டுச் சாமான்.

பிறகுதான் நினைவு வந்தது. லினக்ஸ் தன் பழைய அடிப்பாகத்தை அழித்துவிடுவதில்லை. கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் அதையும் ஒரு வரியாக வைத்திருக்கும். கோப்பில் கொம்பனி டிரைவரின் பெயரைத் திரும்ப எழுதினேன். நிறுத்தித் தொடங்கி, அந்தப் பழைய வரியைத் தெரிவுசெய்தேன். பெட்டி வந்தது. சுற்றினேன். "ஆ, மேக தமய்!" இதேதான் என்று ஆமிக்காரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அதிகாரி இன்னொரு தரம் சுற்றச் சொல்லி ரசித்துவிட்டு, போகலாம் என்றார்.

அன்று மாலையே நடந்ததையெல்லாம் லண்டனுக்கு ஈமெயிலில் எழுதினேன். "அப்டேட் செஞ்சா டிரைவர திருப்பி ஏத்த வேணும் மச்சான். மனுவல வாசிக்கேல்லையா நீ?" என்று பதில் வந்தது. துப்பாக்கிக்குப் பக்கத்தில் நின்று எந்தப் பக்கத்தை வாசிப்பது என்று அந்த அறிவாளி எழுதவில்லை. கொம்பனி டிரைவரை அன்றைக்கே கழற்றி எறிந்தேன். படம் அவலட்சணமாக இருந்தாலும் தவறாமல் வந்தால் போதும்.

மறுநாள் சாவடியில் அதே ஆமிக்காரன், ஒன்றுமே நடக்காதவன் போல, பெட்டியைச் சுற்றச் சொன்னான். உடைந்துவிட்டது என்றேன். அவன் முகம் வாடிப்போனது. ஐயோ, நல்ல பெட்டி என்று உண்மையாகவே கவலைப்பட்டான். முந்தின நாள் என்னை ஜீப்பில் ஏற்றியபோது அந்த முகத்தில் இதில் கால்வாசிக் கவலைகூட இருக்கவில்லை.