நாலாவது தூக்கம்

பட்டுப்புழு இலை தின்னும் ஓசையை ஓசூரை அடுத்த எங்கள் தளிப் பக்கத்தில் தூறல் என்பார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் அந்தத் தூறலைக் கூலிக்குக் கேட்டவள். மல்பெரித் தோட்டக்கார அக்கா வீட்டுப் புழு மனையில் இலை போடுவது, தட்டு மாற்றுவது, கழிவு அள்ளுவது என் வேலை. அந்த ஓசைக்குள் கொஞ்ச நேரம் நின்றால் எனக்குக் கண் சொருகிவிடும். நின்றபடியே கனவு காண்பேன். கனவில் அத்தனை தட்டுகளும் என்னுடையவை. "ஏம்மா, தூங்கறியா?" என்று அக்கா தோளைத் தட்டினால் தட்டுகள் மறுபடி அக்காவுடையவை ஆகிவிடும்.

மாதா மாதம் பெண்கள் கணக்கில் அரசாங்கம் ஆயிரம் ரூபாய் போடத் தொடங்கியபோது என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. "ஆயிரம் ரூவாய வச்சு இங்க என்ன செய்ய? சிலிண்டர் வாங்குனா தீந்துச்சு" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. முதல் சில மாதங்கள் அந்தப் பணம் சிலிண்டராகவும், பாலாகவும், மகளின் பள்ளிக்கூட ஆட்டோவாகவும் மாறி, வந்த சுவடே தெரியாமல் போனது.

ஆனால் அதற்கு ஒரு குணம் இருந்தது. கூலி நான் போனால்தான் வரும். இது நான் போகாவிட்டாலும் வந்தது. எனக்கு உடம்பு சரியில்லாத மாதமும் வந்தது, மழை பிடித்து வேலையில்லாத மாதமும் வந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பனி ஜன்னல் வரைக்கும் வந்து நின்றிருந்தபோது, சட்டென்று ஒன்று புரிந்தது. புழு வளர்க்க எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்குத் தெரியும். ஆனாலும் எல்லோரும் அடுத்தவர் புழுவைத்தான் வளர்த்தோம். கடைசி வாரம் புழு நாள் முழுக்கத் தின்னும், அதை விட்டு நகர முடியாது. நகராமல் வீட்டில் இருந்தால் கூலி இல்லை, கூலி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. அந்த நாட்களின் அடுப்பை இந்த ஆயிரம் பார்த்துக்கொண்டால்? கையில் சோப்பு நுரையோடு எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

அதன் பிறகு சில மாதப் பணத்தை எடுக்கவே இல்லை. என் கணக்கு என்பதால் வீட்டுக்காரரும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றியிருந்தாலும் என் வாய்க்குப் பயந்திருப்பார். தட்டும் ஸ்டாண்டும் பழையதாக வாங்கினேன். பக்கத்துத் தோட்டத்தில் மல்பெரி இலையைச் செடியோடு விலை பேசினேன். சாக்கிக்குச் சொன்னேன். சாக்கி என்றால் குழந்தைப் புழு, இரண்டு தூக்கம் முடித்து நம் வீட்டுக்கு வரும்.

அக்காவிடம் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. "அப்போ என் புழுவ யார் பாக்கறது? ஆகலி, சரி, பண்ணு. ஆனா கடைசி வாரம் நீ வரலைன்னா வேற ஆள் வெச்சிடுவேன். அப்புறம் வந்து நிக்காதே" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது, அவர் புழுவும் காத்திருக்காதே. என் புழு போய்விட்டால் கூலியும் போச்சு என்று தெரிந்துதான் சரியென்று தலையாட்டினேன்.

எங்களுக்கு ஒரு ஹாலும் ஒரு அறையும்தான். அறையைப் புழுவுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹாலில் படுத்தோம். அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து என் மாமியார் வந்தார். கல்யாணமாகி முதல் தடவையாக வருகிறார். பேத்தியைப் பார்த்துக்கொள்ள மகன் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கன்னடம் புழங்கும் இந்தப் பக்கத்துப் பெண்ணை மகன் கட்டிக்கொண்டது பிடிக்காமல்தான் இத்தனை வருடம் எட்டிப் பார்க்கவில்லை என்று எனக்குள் ஒரு எரிச்சல் எப்போதும் உண்டு.

"சீ, இத வீட்டுக்குள்ளயா வச்சிருக்க?" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சில நாளில் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து தட்டுக்குத் தட்டு நின்றார். மிளகாய் வறுக்கக் கூடாது, பவுடர் பூசிக்கொண்டு வரக் கூடாது, கொசுவத்தி கூடாது என்று எல்லாம் சொல்லியிருந்தேன். சாம்பிராணியைச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் புழு வைத்த வீட்டில் யாரும் சாம்பிராணியை எடுக்கவே மாட்டார்கள் என்பதால், அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

புழுவுக்கு நாலு தூக்கம். ஒவ்வொரு தூக்கத்திலும் தோலுரிக்கும். நாலாவதுதான் ஆழமானது. தலையை மட்டும் தூக்கி, யாரோ கூப்பிட்டதைக் கேட்பது போல அப்படியே நின்றுவிடும். இலை போடக் கூடாது, தட்டை அசைக்கக் கூடாது. ஓசை நின்றதும் வீடே நின்றுவிடும். நாங்கள் கிசுகிசுவென்று பேசினோம். மகள் நுனிக்காலில் நடந்தாள். அந்த வீட்டில் நான் வாழ்ந்த நாட்களிலேயே அழகான நாள் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். எழுந்ததும் எவ்வளவு இலை வேண்டியிருக்கும் என்று பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். பனிக்குள் செடிகள் நனைந்து நின்றன. என்னமோ என் சொந்தத் தோட்டம் போல ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

எங்கள் ஜன்னலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. அறைக்குள் மாமியார் தூபக்காலை ஏந்தி, ஒவ்வொரு தட்டுக்கும் சுற்றிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"கண்ணு பட்டுப்போச்சுட்டி. காலையிலேருந்து பாக்கேன், ஒண்ணுகூட அசையல" என்றார்.

"அய்யய்யோ, தூங்கற புழுவ கொன்னுட்டீங்களே! உங்கள யார் இங்க கூப்ட்டாங்க?" என்று கத்தினேன். ஜன்னலையும் கதவையும் திறந்து போட்டேன். புகை போய்ப் பனி உள்ளே வந்தது. தட்டுகளில் தலைகள் அப்படியே தூக்கியபடி இருந்தன. தூக்கமா சாவா என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தால் மாமியார் ஹாலில் பையில் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"யாரும் கூப்பிடல. ஒம் புருசன் கூப்பிட்டான்னா நெனச்ச? பஸ்ஸுக்கு மூத்த மவன்ட்ட காசு கேக்கணுமேன்னு கூச்சப்பட்டுத்தான் இத்தன வருசம் வராமக் கெடந்தேன். இப்ப எனக்கும் மாசாமாசம் ஆயிரம் வருதுல்லா? சேத்து வச்சு வந்தேன். எங்காசுல வந்தேன், எங்காசுல போறேன்."

நான் சிலிண்டர் வாங்குவதை விட்டுப் புழுவைக் கனவு கண்ட அதே மாதங்களில், அங்கே இவர் எங்களைக் கனவு கண்டுகொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கத்த வருமே தவிர மன்னிப்புக் கேட்க வராது. "முழிச்சா எல போடணும் அத்தே. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு" என்றேன். அவர் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் மதியம் ஒரு தலை மெல்லக் கீழே இறங்கியது. இன்னொன்று பழைய தோலை விட்டு நெளிந்து வெளியே வந்தது. நான் அழுதேன். நிறைய எழவே இல்லை, அவற்றைப் பொறுக்கிக் கொண்டுபோய்ப் புதைத்தேன். அத்தை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பாதிக்கு மேல் பிழைத்திருந்தன. அந்த வாரம் முழுக்க இருவரும் இலை வெட்டினோம், போட்டோம், மறுபடி வெட்டினோம். வேலைக்குப் போகாத அந்த நாட்களின் அரிசியும் பருப்பும் ஆயிரத்தில் வந்தன. வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து, எங்கள் இருவருக்கும் தோசை ஊற்றிக் கொடுத்தார்.

பழுத்த புழு தின்பதை நிறுத்திவிட்டு மேனி மஞ்சளாகக் கண்ணாடி போல் மின்னும். அன்றே எடுத்து, கூடு கட்ட, சந்திரிகை என்கிற மூங்கில் தட்டியில் விட வேண்டும், இல்லாவிட்டால் நூலைக் கண்ட இடத்தில் துப்பி வீணாக்கிவிடும். அக்கா வீட்டிலும் அன்றே பழுத்ததால் உதவிக்கு ஆள் கிடைக்கவில்லை. வந்த அன்று மூக்கைப் பொத்திய அத்தை, வெறுங்கையால் ஒவ்வொன்றாக எடுத்து விட்டார். "சில்லுன்னு இருக்குட்டி, பச்சப்புள்ள வெரலு மாதிரி" என்றார்.

கூடு விற்ற காசு என் கணக்கில் ஏறியது. இலைக்கும் சாக்கிக்கும் போக மிஞ்சியதைப் பார்த்தால், கூலிக்கே போயிருக்கலாம் என்றுதான் யாரும் சொல்வார்கள். நான் அன்றே அடுத்த சாக்கிக்குச் சொல்லிவிட்டேன். ஒரு தடவை தோற்றாலும் அடுப்பு எரியும் என்று தெரிந்த பிறகு பயம் பாதியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார். "எம்மா, ஊருக்கு எப்பப் போற? டிக்கெட் போடவா?"

அத்தை தட்டுகளைக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். "நீ எதுக்குடே போடணும்? எங்கிட்ட காசு இருக்கு. போணும்னு தோணுனா போவேன்."

வீட்டுக்காரர், நான் சொல்லிக்கொடுத்ததாக நினைத்து என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற மகனிடம் அப்படி ஒரு பதிலை அதுவரை சொல்லியிராதவர், கையில் ஈரத் தட்டோடு, தன் குரலைத் தானே கேட்டது போல நின்றிருந்தார்.