சொல்லாமல் போன சித்தி

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் வேலையை விடுகிறவர் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால், குடியிருக்கிற லயத்து வீட்டையும் விடுகிறேன் என்று சொன்ன மாதிரிதான்.

நாங்கள் இருந்த வீடு சித்தியின் வேலைக்குக் கிடைத்தது. அப்பா இல்லை. அம்மா நிரந்தரம் ஆகாமல், கூப்பிட்ட நாளுக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். சித்தி பிள்ளைக் காம்பராவில் ஆயா. கொழுந்துக்குப் போகிற தாய்மார் விடிந்ததும் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். கையால் ஒன்றை, காலால் ஒன்றை ஆட்டி, வாயால் மூன்றாவதை அடக்குவாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கேதான் போவேன். அம்மாவைவிட எனக்கு அவள்தான்.

அந்த வருஷம் நாடுகாணி மலைக்கு அந்தப் பக்கம், ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த ஒருவருக்குச் சித்தியைப் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. அக்காளும் தங்கையும் அடுப்படியில் பேசிக்கொண்டதை அம்மா ரொம்ப காலம் கழித்துத்தான் சொன்னாள்.

“ஒரு வார்த்த சொல்லிட்டே போறேன்க்கா. பச்சப்புள்ளைகளத் தூக்கிக்கிட்டு வந்து பூட்டுன கதவப் பாத்தா, என்னைய என்ன நெனப்பாளுங்க?”

“நெனச்சிட்டுப் போறாளுங்க. நீ சொல்லிட்டா நானும் இவளும் எங்க போய் நிக்கிறது? நெரந்தரத்துல என் பேரு ஏறுற வரைக்கும் உன் பேரு இருக்கட்டும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி எல்லாத் தொட்டில் சேலைகளையும் அவிழ்த்துத் துவைத்தாள். மழைக்காலம், காயவில்லை. காம்பரா அடுப்பைச் சுற்றிக் கட்டி, தடவித் தடவிப் பார்த்தாள். எதற்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் என்று கேட்டேன்.

“மூத்திர நாத்தம்டி. உனக்கு மூக்கு இருக்கா இல்லையா?” என்று சிரித்தாள்.

மறுநாள் நான் எழுந்தபோது சித்தியைக் காணோம். காம்பரா வாசலில் தூறலில் பிள்ளைகள் கத்தின.

“ஒரே வீட்டுல படுத்தவளுக்குத் தெரியாதாக்கும்? எந்த டிரைவரு கூடப் போனாளோ” என்று பக்கத்து வீட்டுக்காரி அம்மா காதில் விழும்படியே சொன்னாள். வேறு சாவி கொண்டுவந்து கதவைத் திறந்தார்கள். தொட்டில்கள் வெளுத்துத் தொங்கின.

தோட்டத்தைக் கவனிக்கிற கண்டக்டர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

“ஏம்மா, வேலைய விட்டுட்டுப் போயிருச்சா உன் தங்கச்சி?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா.”

அவர் நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார். “ஏன் பாப்பா, உங்கிட்டயாவது சொல்லிட்டுப் போச்சா?”

என்னால் அடக்க முடியவில்லை. “எங்கிட்டயும் சொல்லல” என்று தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சரி, வந்துரும். பேரு இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா பக்கத்திலேயே நின்றாள். என்னைத் தூக்கவுமில்லை, கண்ணைத் துடைத்துவிடவுமில்லை.

வீடு எங்களுக்கு நிலைத்தது. ஆனால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று சித்தி கல்யாணத்துக்கு எங்கள் பக்கம் யாரும் போகவில்லை. அம்மாவின் பேர் ஏறி, இனி போய்ப் பார்க்கலாம் என்று ஆனபோது சித்தி இல்லை. தலைப்பிரசவத்திலேயே போய்விட்டாள்.

கண்டக்டர் வந்துபோன அன்று சாயங்காலம், சித்தி ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, “சொல்லியிருந்தா நீ அழுதிருக்க மாட்டே” என்றாள்.

நான் அழாமல் இருப்பதற்காகவாவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் அழுதேன்.