எம்.ஏ. போட்ட கையெழுத்து

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரிக்கு ஐந்து வருடம் பஸ்ஸில் இடிபட்டுப் போய், அரசியல் அறிவியலில் எம்.ஏ. வாங்கினேன். உள்ளாட்சி பற்றிய தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அந்த அறிவையெல்லாம் சோழவந்தானுக்குப் பக்கத்தில், வாழ்க்கைப்பட்ட வீட்டில், குழம்பு தாளிக்கப் பயன்படுத்தி வந்தேன்.

போன தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். நிற்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. வாய்விட்டுச் சொல்லத்தான் துணிச்சல் இல்லை. பெண்ணுக்கான பதவிக்கு எந்தப் பெண் லாயக்கு என்று வீட்டு ஆண்கள் கூடி, ஒரு பெண்ணையும் தொந்தரவு செய்யாமல் முடிவெடுத்தார்கள்.

என் கணவரின் அண்ணன், என் மூத்தார்தான் தீர்ப்புச் சொன்னார். "படிச்ச புள்ள வேணாம்ப்பா, எதுக்கெடுத்தாலும் சட்டம் பேசும். என் வீட்டுக்காரின்னா நீட்டுன எடத்துல சைன் போட்டுட்டு அடுப்பப் பாக்கப் போயிரும்."

அவர் மனைவி, என் ஓரகத்தி, ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அக்கா தன் பெயரை எழுதி முடிப்பதற்குள் பால் பொங்கி வழிந்துவிடும்.

வேட்புமனுவை நிரப்ப மட்டும் என் எம்.ஏ. தேவைப்பட்டது. அக்காவின் மனு தள்ளுபடியானால் என்ன செய்வது என்று என்னையும் மாற்று வேட்பாளராக மனுப்போட வைத்தார்கள். இரண்டுமே ஏற்கப்பட்டன. 'வாபஸ் வாங்க மாட்டேன்' என்று சொல்லிவிட மனதுக்குள் ஒரு பெரிய உரையே தயாரித்தேன்.

மறுநாள் காலை தோசைக்கல் முன் நின்றபோது என் கணவர் ஒரு தாளை நீட்டினார்.

"இங்க ஒரு சைன் போடு."

கரண்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு போட்டேன். பேங்க், கேஸ், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று அவர் நீட்டிய எந்தத் தாளையும் நான் படித்ததே இல்லை.

சாயங்காலம் வந்த இறுதிப் பட்டியலில் என் பெயர் இல்லை. நான் போட்டது வாபஸ் கடிதம்.

"ஒன்னயக் கேட்டுத்தான வாங்குனேன்?" என்றார் கணவர்.

அக்கா ஜெயித்தார். போஸ்டரில் அவர் முகம் அவர் கணவரின் மீசை அளவுக்கு இருந்தது. பதவியேற்ற வாரமே மூத்தார் தீர்மான நோட்டைக் கொண்டுவந்து விரித்தார்.

"சைன் போடு."

"வாசிங்க."

"என்னது?"

"எனக்கு வாசிக்க வராதுன்னு ஊருக்கே தெரியும். வாசிச்சுக் காட்டுனாத்தான போடுறதுக்கு?"

வேறு வழியில்லாமல் வாசித்தார். மூன்றாவது தீர்மானத்தை முழுங்கப் பார்த்தார், அக்கா விடவில்லை. காலனிக்குப் போகவேண்டிய தண்ணீர்க் குழாய், எங்கள் வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் திரும்பியிருந்தது.

"கொடிக்காலா எனக்கு ஓட்டுப் போட்டுச்சு? மாத்தி எழுதிக் கொண்டாங்க, போடுறேன்."

படித்தவள் கேள்வி கேட்பாள் என்று பயந்து என்னை ஒதுக்கியவர் நோட்டும் கையுமாக நின்றார். பாவம், அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஆமா, நீதான் அம்புட்டுப் படிச்சவளாச்சே. அன்னைக்கு அந்தத் தாள வாசிச்சுப் பாக்கலயா?"

எனக்கு அவமானமாக இருந்தது.

"தோசை தீஞ்சிருமேன்னு போட்டுட்டேன்க்கா" என்றேன்.