நசுங்காத எலுமிச்சம்பழம்

வின்னிபெக்கில் மார்கழி மாதம் எலுமிச்சம்பழம் நசுங்காது. நாமக்கல்காரி நானே கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

போன வருடம் என் வீட்டுக்காரர் இங்கே வந்தார். ஊரில் சொந்த லாரி ஓட்டுகிறவர். நான் இங்கே நர்ஸ். "ஒருக்கா வந்து பாக்கறேன். ஒத்துவந்தா லாரிய வித்துப்போட்டு அங்கயே வந்தர்றேன் புள்ள" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொண்டுதான் இத்தனை நாளும் தனியாகச் சோறு தின்றேன்.

வந்து இறங்கியவர் கையில் ஒரே ஒரு ஸ்வெட்டர்.

"ஏனுங்க, இத நம்பியா வந்தீங்க?"

"லண்டன்ல நம்ம சித்தப்பா பையன் ஸ்வெட்டர்லதான் திரியறான். மேப்புல பாத்தேன், உங்கூரு லண்டனுக்குக் கீழதான இருக்குது?"

வடக்கே போகப் போகக் குளிர் கூடும் என்பது லாரிக்காரர் கணக்கு. தப்பில்லை, அதில் கடல் மட்டும் விட்டுப்போயிருந்தது. நம்மூர் மலைப்பாறை மத்தியானம் காலைப் பொசுக்கும், விடியற்காலை ஜில்லென்று கிடக்கும். கிணற்றுத் தண்ணீர் அப்படிச் சட்டென்று மாறாது. கடலும் அப்படித்தான், கோடைச் சூட்டைச் சேர்த்து வைத்துக் குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். லண்டனுக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. வின்னிபெக் கண்டத்தின் நட்டநடுவில் கிடக்கிறது. ஆடியில் நம்மூர் போலவே வேர்க்கும், மார்கழியில் மூக்குமுடி உறையும்.

"நாமக்கல்லுக்குந்தான் கடல் தூரம்" என்றார்.

"அங்க சூரியன் தலைக்கு மேல ஏறுதுங்க. இங்க எட்டிப் பாத்துட்டுப் போயிருது."

மறுநாள் நான் வாங்கியிருந்த பழைய காருக்குப் பூஜை போட்டார். இராத்திரி முழுக்கக் காருக்குள் கிடந்த எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். வண்டியை நகர்த்தினேன். கல்லாய் உறைந்திருந்த பழங்கள் பனிக்கட்டியில் வழுக்கித் தெருவுக்கு ஓடின. பக்கத்து வீட்டு மார்த்தா சக்கரம் வழுக்காமலிருக்க வைத்தோம் என்று நினைத்து, "இதற்கு மணல்தான் நல்லது" என்று ஒரு பை மணல் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"சகுனம் செரியில்ல. குளிரும் ஆவாது. கடலோரமா வேல பாரு புள்ள, கண்டிப்பா வாரேன்" என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

பார்த்தேன். கடலோரத்து வான்கூவரில் வேறு மருத்துவமனை, வேறு வீடு. அந்தக் காரையும் ஓட்டிக்கொண்டே வந்து சேர்ந்தேன். இந்தத் தையில் இங்கே புல் பச்சையாக இருக்கிறது, தூறல் விழுகிறது, ஒரு ஸ்வெட்டர் போதும். கடற்கரையில் நின்று வீடியோவில் அவருக்குக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். "ரெண்டாவது லாரிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன் புள்ள. ஓட்டம் நல்லா இருக்குது."

அழுகை வந்தது. பாவம் குளிர், அதன்மேல் வீண்பழி போட்டோம்.

வீடு திரும்பும் வழியில் எலுமிச்சம்பழம் வாங்கினேன். மறுநாள் காலையில் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து வண்டியை எடுத்தேன். எல்லாம் சரியாக நசுங்கின. நல்ல சகுனம்தான். பக்கத்து இருக்கையில்தான் ஆள் இல்லை.