அக்கா கடைக்கு ஒரு சைட்மேப்

அக்கா தைக்கும் நைட்டிகளை விற்க நான் ஒரு வலைத்தளம் செய்து கொடுத்தேன். செய்து கொடுக்கும்வரை அவள் என்னை விடவில்லை என்று சொல்வதுதான் சரி. சங்கரன்கோவிலில் அவள் வீடும் என் வீடும் இரண்டு தெரு தள்ளி. நான் வீட்டில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு புரோகிராம் எழுதுகிறவன். அக்கா கண்ணுக்கு அது வேலையே இல்லை. மேலே சட்டையும் கீழே சாரமுமாக நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருப்பவனுக்கு அக்காவின் கடையைப் பார்க்க மட்டும் எப்படி நேரம் இல்லாமல் போகும் என்று கேட்பாள்.

பல வருடம் ஒரு ரெடிமேட் கம்பெனிக்குத் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். அதை விட்டுவிட்டு, உள்ளூர்த் தறியில் நெய்த பருத்தித் துணியை எடுத்து, பாக்கெட் வைத்த நைட்டி தைக்க ஆரம்பித்தாள். பாக்கெட்தான் அவளுடைய சொந்த யோசனை. வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்குப் போனை வைக்க ஒரு இடம் வேண்டாமா என்பாள். அத்தானுக்கு இந்த ஏற்பாட்டில் அரை மனசுதான். ஆனால் அக்கா ஒன்றை முடிவு செய்துவிட்டால் அந்த வீட்டில் மீதி அரை மனசுக்கு வேலை கிடையாது.

கடை திறந்ததும் ஆர்டர் வரத்தான் செய்தது. பனவடலிசத்திரத்துப் பெரியம்மா வாங்கினாள். சித்தி மகள்கள் வாங்கினார்கள். என் மனைவி, தெருவில் நான்கு பேர் பார்க்க, அதையே போட்டுக்கொண்டு வாசல் தெளித்தாள். வாங்கியவர்கள் எல்லாரும் தளத்தில் பாராட்டும் எழுதினார்கள். ‘சூப்பர் அக்கா’ என்று ஒருத்தி, ‘மதினி கைப்பக்குவமே தனி’ என்று இன்னொருத்தி. பெரியம்மாவுக்கு டைப் அடிக்க வராது. ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டாள்.

அக்காவுக்கு இதில் திருப்தி இல்லை. ஒரு நாள் சாயங்காலம், மிஷினில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். “எல்லாம் நம்ம ஆளுவ. மொய் எழுதுத மாதிரி வாங்குதாவ. முன்னப்பின்னத் தெரியாத ஒரு ஆளு வாங்கணும்லே. அப்பத்தான் அது கடை.” ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் அப்படி ஒருத்தர்கூட வரவில்லை என்றால் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போய்விடுவதாக அத்தானிடம் சொல்லியும் விட்டாள். சொன்னால் செய்கிறவள்.

முன்பின் தெரியாத ஆள் தேடுபொறி வழியாகத்தான் வர முடியும். அந்தத் தேடுபொறிக்கு முதலில் இப்படி ஒரு கடை இருப்பது தெரிய வேண்டும். அதற்குத்தான் சைட்மேப். தளத்தில் இருக்கும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும், அது கடைசியாக மாறிய தேதியோடு சேர்த்து, எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் ஒரே கோப்பாக வைத்துவிட்டால், தேடுபொறி வந்து படித்துக்கொள்ளும். கையால் எழுத வேண்டியதில்லை. யாரோ புண்ணியவான்கள் எழுதி இலவசமாக விட்டிருக்கும் ஆயத்த புரோகிராம்கள் உண்டு, லைப்ரரி என்பார்கள். ஒன்றை எடுத்துச் சேர்த்தேன். அக்கா புது நைட்டியைப் படம் எடுத்து ஏற்றினால் போதும், லைப்ரரி அந்தப் பக்கத்தையும் தானாகவே கோப்பில் போட்டுவிடும்.

நான் எழுதியது என்னவோ சில வரிகள்தான். ஆனாலும் பெரிய சாதனை செய்தவன் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோப்பில் இருந்த முகவரிகளைத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் டக் டக்கென்று திறந்தன. தேடுபொறியிடம் கோப்பைக் கொடுத்துவிட்டு, வருகிற கூட்டத்தைச் சமாளிக்க இப்போதே ஆள் பார்த்து வைத்துக்கொள் என்று அக்காவிடம் சொன்னேன்.

ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அக்கா தினமும் போனில் கேட்பாள். தேடுபொறிக்கு உலகம் முழுக்க வேலை இருக்கிறது, நம் தெருவுக்கு வர நாளாகும் என்று நானும் பெரிய மனுஷத்தனமாக விளக்கம் சொல்வேன். வைகாசி போய் ஆனி வந்தது. அத்தான் பழைய கம்பெனி மேஸ்திரியை வழியில் பார்த்ததாக ஒரு நாள் சும்மா சொல்வது போலச் சொன்னார். அக்கா மிஷினை இன்னும் வேகமாக மிதித்தாள்.

அந்த மாத மின் பராமரிப்புக்காக ஒரு நாள் காலையில் கரண்ட் போனது. என் லேப்டாப் பேட்டரி கிழம், கொஞ்ச நேரத்தில் உயிரை விட்டது. சாயங்காலம் கரண்ட் வந்ததும் வேறு எதையும் ஓடவிடாமல் முதல் வேலையாக சைட்மேப்பைத் திறந்து ஒரு முகவரியைத் தட்டினேன். திறக்கவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. அப்போதுதான் முகவரியின் ஆரம்பத்தை ஒழுங்காகப் படித்தேன். கடையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று இருந்தது. இதே கம்ப்யூட்டர் என்று அதற்கு அர்த்தம். சோதித்துப் பார்க்க நான் போட்ட முகவரி. மாற்ற மறந்திருக்கிறேன். தளத்தின் ஒரு பிரதி என் லேப்டாப்பிலும் ஓடிக்கொண்டே இருந்ததால் எனக்கு மட்டும் எல்லாப் பக்கமும் திறந்திருக்கிறது. பேட்டரி போய் அந்தப் பிரதி நின்றதும்தான் குட்டு உடைந்தது. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயருக்குப் பதில் ‘நம்ம வீடு’ என்று அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்த கதைதான். வாங்கிப் படித்தவர்கள் அவரவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

ஒரே வரிதான், திருத்தினேன். லைப்ரரியை மறுபடி ஓடவிட்டு, புதுக் கோப்பைக் கொடுத்துவிட்டு, அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். அப்படியானால் இத்தனை நாளும் கடைக்கு வெளியே பூட்டுப் போட்டுவிட்டு உள்ளே நீ உட்கார்ந்திருந்தாயா என்று கேட்டாள். பிறகு காபி கொடுத்தாள். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாலே நன்றாக இருந்திருக்கும்.

ஆனி முடிவதற்குள் ஓசூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு பெண்மணி நைட்டி வாங்கினார். அக்கா முதலில் நம்பவில்லை. ஓசூரில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் விசாரித்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் சிரித்தாள். அந்த ஒரு நைட்டிக்கு அவள் இஸ்திரி போட்ட அழகைப் பார்க்க வேண்டுமே. எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கோயிலில் தபசுக்குக் கொடியேறிய வாரம், அந்தப் பெண்மணி தளத்தில் எழுதியது எனக்கு வந்தது. நான் சரி என்ற பிறகுதான் அது எல்லாருக்கும் தெரியும். பாக்கெட் இருக்கிறது என்று போட்டிருந்ததால்தான் வாங்கினாராம். பால் எடுக்கக் குனிந்தவுடன் போன் கீழே விழுந்துவிட்டதாம். துணி நன்றாக இருக்கிறது, பாக்கெட் நாலு விரலாவது ஆழமாக வேண்டும், இப்படி விற்பது சரியில்லை என்று எழுதியிருந்தார்.

மனைவியிடம் காட்டினேன். “நெசந்தாங்க. என் போனும் விழுந்துச்சு. மதினி மனசு சங்கடப்படும்னு சொல்லல” என்றாள். அவள் போன் கண்ணாடி கீறியிருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நானாக இருந்தால் சத்தமில்லாமல் அழித்திருப்பேன். அவள்தான் கொண்டுபோய்க் காட்டச் சொன்னாள்.

அக்கா படித்தாள். மறுபடியும் படித்தாள். முகம் சுண்டிப்போனது. பிறகு வாங்கிய ஒவ்வொருத்திக்கும் போன் போட்டாள். முதலில் மழுப்பினார்கள், அதட்டியதும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு சித்தி மகளின் போன் ஓடுகிற கிரைண்டருக்குள் மாவில் விழுந்திருக்கிறது. பெரியம்மா முதல் நாளில் இருந்தே பாக்கெட் வாயை ஊக்குக் குத்தி மூடித்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள். எல்லாருக்கும் ஒரே பாட்டு, உன் மனசு கஷ்டப்படுமே.

இத்தோடு மிஷினை மூடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் பிளேடை எடுத்து, அடுக்கி வைத்திருந்த நைட்டிகளில் ஒன்றின் பாக்கெட்டைப் பிரித்தாள். நாலு விரல் ஆழம் கூட்டித் தைத்தாள். தன் போனை அதில் போட்டு, நடு வீட்டில் நன்றாகக் குனிந்து நிமிர்ந்து பார்த்தாள். ஓசூருக்குப் புதிது ஒன்றை அனுப்பச் சொன்னாள். அப்புறம், அந்தப் பெண்மணி எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் தளத்தில் எல்லாவற்றுக்கும் மேலே போடச் சொன்னாள்.

உலகத்தில் எந்தக் கடைக்காரனும் குறையை வாசலில் எழுதி மாட்ட மாட்டான் என்றேன். பக்கம் மாறினால் சைட்மேப்பிலும் தேதி மாறும், தேடுபொறி திரும்ப வந்து படிக்கும், ஊர் உலகத்துக்கே தெரிந்துவிடும் என்று பயமுறுத்தினேன். படிக்கட்டும் என்றாள். நம் ஆட்கள் எழுதிய பாராட்டை எல்லாம் எடுத்துவிடவும் சொன்னாள். அவர்கள் ஆசையாக எழுதியதை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

“அவளுவளுக்கு நான் அக்கா, மதினி. இந்த அம்மா ஒருத்திக்குத்தாம்லே நான் கடைக்காரி.”