சிட்ரேட் போத்தல் வாங்க வந்தவர்கள்

மருந்துக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் நல்ல செய்தி கேட்க வருவதில்லை. அப்படி ஏதாவது இருந்தால் அது டாக்டர் அறையிலேயே தீர்ந்துபோயிருக்கும். பினாங்கில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் எனக்கு வேலை. நான் மருந்தாளர், தாதி அல்ல. ஆனாலும் வருகிறவர்களுக்கெல்லாம் நான் 'மிஸ்ஸி'தான். திருத்திப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன். எண் சீட்டைப் பிடித்துக்கொண்டு, திரையையே வெறித்துக்கொண்டு, முன்னால் நிற்கிற ஆள் அப்படி என்னதான் பேசுகிறார் என்று பல்லைக் கடித்தபடி நீங்களும் காத்திருந்திருப்பீர்கள். அந்த முன்னால் நிற்கிற ஆட்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நீங்கள் அந்தப் பக்கம் பட்ட பாட்டை நான் இந்தப் பக்கம் பட்டிருக்கிறேன். ஆகவே நாம் ஒரே கட்சி.

ஆயுள் முழுக்க

சிறுநீரகத்தில் கல் வருகிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கிற மருந்துகளில் ஒன்று பொட்டாசியம் சிட்ரேட் கலவை. சங்கதி ரொம்பச் சுலபம். சிறுநீரில் கால்சியம் சும்மா அலைந்துகொண்டிருந்தால் வேறு உப்போடு சேர்ந்து இறுகிவிடும். சிட்ரேட் நடுவில் புகுந்து கால்சியத்தின் கையைப் பிடித்துக்கொண்டால் அது இறுகாமல் வெளியே போய்விடும். சிலருடைய சிறுநீரகத்துக்கு உடம்பில் சேரும் அமிலத்தை வெளியே தள்ளத் தெரியாது. பரம்பரையாக வருவதும் உண்டு. அவர்களுடைய சிறுநீரில் சிட்ரேட் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. கல் மட்டுமல்ல, சிறுநீரகத்தின் உள்ளேயே சுண்ணாம்பு படிய ஆரம்பித்துவிடும். அவர்களுக்கு இந்த மருந்து தினமும் வேண்டும், விட்டுவிட்டுக் குடித்தால் பிரயோசனமில்லை.

எல்லாம் சரி, குடிக்கத்தான் முடியாது. புளிப்பும் உப்பும் கலந்து ஒரு வகையாக இருக்கும். நிறையத் தண்ணீரில் கலந்து குடித்தாலும் வயிற்றைப் பிரட்டும். எப்படித்தான் இருக்கிறது என்று நானும் ஒரு நாள் நாக்கில் வைத்துப் பார்த்தேன். அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

மதியழகன் அண்ணன் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை என்கிற ஊரில் லோரி ஓட்டுகிறவர், வீடு புக்கிட் மெர்தாஜாமில். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்திலும் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு தெரிந்தது. மகளையும் கூட்டிவந்து சோதித்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அதை நான் மறுபடி நினைவுபடுத்தியபோது, "அவ நல்லா ஓடியாடிக்கிட்டுத்தான் இருக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றினார். இந்த மருந்தை எத்தனை மாதம் குடிக்கணும் என்று கேட்டார். ஆயுள் முழுக்க என்றேன். போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஜெயில்ல கிடக்கிறவனுக்கே நல்லா நடந்துகிட்டா நாள கழிச்சு விடுறாங்க மிஸ்ஸி. இதுக்கு அதுகூட கிடையாதா லா?"

காதர் பாயின் லைம் ஜூஸ்

காதர் பாய் நாசி கண்டார் சோற்றுக்கடையில் சமையல்காரர். நாளெல்லாம் அடுப்படி அனலில் நிற்பார், வேர்வையாகக் கொட்டுவார், தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார். கல் வராமல் என்ன செய்யும்? எலுமிச்சையில் சிட்ரேட் இருக்கிறது, ஜூஸ் குடித்தால் நல்லதுதான் என்று டாக்டர் சொன்னதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அடுத்த முறை வந்தபோது, வெளியேறிய கல்லை டிஷ்யூ தாளில் மடித்துக் கொண்டுவந்து, நகைக்கடையில் எடை போடச் சொல்கிறவர் மாதிரி என் முன்னால் விரித்துக் காட்டினார். ஜக்கு ஜக்காக லைம் ஜூஸ் குடித்தும் கல் எப்படி வந்தது என்று அவருக்குக் கோபம்.

துருவித் துருவிக் கேட்டேன். ஒவ்வொரு குவளையிலும் சீனி, அதற்கு மேல் உப்பில் ஊறிய அசாம்போய். அந்த உப்புப் பழம் மெல்லக் கரைந்து அத்தனையும் ஜூஸில் இறங்கியிருக்கிறது. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும், எலுமிச்சை செய்கிற நல்லதை அசாம்போய் கெடுத்துவிடும் என்று விளக்கினேன். நோன்பு வருவதற்குள் பழக்கத்தை மாற்றுங்கள், பகலெல்லாம் தண்ணீர் இல்லாமல் இருக்கும்போது கல் இன்னும் தொந்தரவு கொடுக்கும் என்றும் சொன்னேன். அவர் டிஷ்யூவைத் திரும்ப மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அசாம்போய் போடாம லைம் ஜூஸ் வித்தா பினாங்குல கடைய மூட வேண்டியதுதான். விக்கிற நானே போடாம குடிச்சா ஆண்டவன் மன்னிப்பானா மிஸ்ஸி?"

ஞாயிற்றுக்கிழமைச் சிறுநீர்

சிறுநீரில் சிட்ரேட் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு முழு நாள் சிறுநீரையும் ஒரு பெரிய போத்தலில் சேர்த்துக் கொண்டுவரச் சொல்வார்கள். பிறையில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சரோஜா அதை ஒழுங்காகச் செய்தாள். முடிவு நன்றாக வந்தது. நிறையச் சிறுநீர், தேவையான சிட்ரேட். டாக்டர் சந்தோஷப்பட்டு மருந்தைக் குறைத்தார். கொஞ்ச நாளில் மறுபடி வலி, மறுபடி கல், மறுபடி என் கவுண்ட்டர்.

எந்தக் கிழமை பிடித்தாய் என்று கேட்டேன். இதை முன்பே யாரும் கேட்கவில்லை. அந்தப் போத்தலைத் தொழிற்சாலை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியுமா? வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைதான் பிடித்திருக்கிறாள். அன்றைக்குத் தண்ணீரும் நிறையக் குடித்திருக்கிறாள், மூன்று வேளையும் மருந்து குடித்திருக்கிறாள். நாங்கள் சோதித்தது ஓய்வுநாள் சரோஜாவை. நோயாளி என்னவோ மற்ற ஆறு நாள் சரோஜா. வேலை நாளில் தண்ணீர் குடித்தால்தான் என்ன என்று கேட்டுவிட்டேன். ஏசியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்விதான் அது. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"தண்ணி குடிச்சா தண்டாஸ் போகணும். லைன விட்டு எந்திரிச்சா சூப்பர்வைசர் மணிய பார்ப்பான். நீங்க எந்திரிச்சா யாரு மிஸ்ஸி மணி பார்க்கிறது?"

ஐஸ்பெட்டியில் இடமில்லை

எங்கள் கலவை ரொம்ப நாள் தாங்காது. ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டும், மாதா மாதம் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும். மதியழகன் அண்ணன் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பாலத்தைக் கடந்து வந்து, எண் எடுத்து, காத்திருந்து, வாங்கிக்கொண்டு போவார். எங்கள் கவுண்ட்டரில் அவரை உதாரணமாகவே சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் அவர் மனைவி பார்வதி அக்கா இரண்டு பெரிய பைகளைக் கவுண்ட்டரில் தூக்கி வைத்தார். உள்ளே முழுக்கச் சிட்ரேட் போத்தல்கள். பாதிக்கு மேல் மூடியின் முத்திரைகூட உடைக்கப்படவில்லை. மீன் வைக்க இடமில்லை, இதையெல்லாம் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இந்த மருந்தைக் கலந்து, வடித்து, லேபிள் ஒட்டிக் கொடுக்கிறவர்கள் நாங்கள். அதைவிடப் பெரிய ஆத்திரம், அந்த ஆள் தன் சிறுநீரகத்தைத் தானே சுண்ணாம்பாக்கிக்கொண்டிருக்கிறார் என்பது.

அடுத்த மாதம் வழக்கம்போல வந்து நின்றார். போத்தல்கள் திரும்பி வந்ததை டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்றதும் முகம் வாடிவிட்டது. மருந்து குடித்தால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், பாலத்தில் ஜாம் ஆகிவிட்டால் லோரியை நிறுத்திவிட்டு எங்கே போவது என்றார். அது புரிகிறது, குடிக்காத மருந்தை எதற்காக மாதா மாதம் இவ்வளவு சிரமப்பட்டு வாங்கிப் போனீர்கள் என்று கேட்டேன்.

"டாக்டரு நல்ல மனுஷன் மிஸ்ஸி. எழுதிக் கொடுத்தத வாங்காம போனா அவரு மனசு சங்கடப்படும் லா."

லட்டு

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் ஒழுங்காகக் குடித்தார் என்று கேள்வி. பிறகு மறுபடி பழைய குருடி கதவைத் திறடி. சில வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் கையில் லட்டுப் பெட்டியோடு வந்தார். வரிசையில் நிற்காமல் நேராக என் முன்னால் வந்து, பெட்டியைப் பிரித்து, முதலில் எனக்கு, பிறகு பக்கத்துக் கவுண்ட்டரில் இருந்த சீனப் பெண்ணுக்கு, பிறகு காத்திருந்த இரண்டு பேருக்கு என்று கொடுத்தார். தண்ணி மருந்தை நிறுத்திவிட்டார்களாம். இனிமேல் சின்ன மாத்திரை மட்டும்தானாம். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

திரையில் மருந்துச் சீட்டைப் பார்த்தேன். சிட்ரேட் நிறுத்தப்பட்டிருந்தது. பதிலுக்குச் சோடியம் பைகார்பனேட். கீழே, டயாலிசிஸ் பற்றிப் பேச இன்னொரு பிரிவுக்குப் போகச் சொல்லி ஒரு வரி. டாக்டர் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். 'இனி அந்த மருந்து வேண்டாம்' என்ற வார்த்தைக்குப் பிறகு வந்தது எதுவும் இவர் காதில் ஏறவில்லை, அவ்வளவுதான். லட்டு என் கையில் இருந்தது. பக்கத்துக் கவுண்ட்டர் பெண் அதற்குள் சாப்பிட்டே விட்டாள்.

சொல்லாமல் விட முடியாது. மகிழ்ச்சியில் வீட்டில் மிச்சமிருக்கும் போத்தலைக் குடித்துத் தீர்த்தாலும் தீர்ப்பார். அது இப்போது ஆபத்து. உட்காரச் சொல்லி மெதுவாகச் சொன்னேன். குணமாகி நிறுத்தவில்லை அண்ணே, இந்த மருந்தில் இருக்கிற பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிற சக்தி இப்போது உங்கள் சிறுநீரகத்துக்கு இல்லை, ரத்தத்தில் தங்கினால் இதயத்தையே நிறுத்திவிடும், அதனால்தான் நிறுத்தினார்கள் என்றேன். அவர் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சாப்பிடுங்க மிஸ்ஸி. பெட்டிய பிரிச்சாச்சு, இனி கடைக்காரன் எடுத்துக்க மாட்டான்."

மகள்

இப்போது அவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். லோரி வேலை போய்விட்டது. தண்ணீர் குடிக்கவில்லை என்று திட்டு வாங்கியவர், இப்போது குடித்துவிட்டார் என்று திட்டு வாங்குகிறார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று பார்வதி அக்கா அளந்து ஊற்றிக் கொடுக்கிறாராம்.

சென்ற மாதம் ஒரு சிட்ரேட் சீட்டு வந்தது. தர்ஷினி என்ற பெயருக்குப் பின்னால் மதியழகன் என்று இருந்தது. கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண். விடுதியில் இடுப்பு வலியில் துடித்து, ஸ்கேன் எடுத்து, ரத்தமும் சிறுநீரும் சோதித்து, அப்பாவுக்கு இருப்பதேதான் என்று தெரிந்திருக்கிறது. ஆனால் இன்னும் ஆரம்பம். சுண்ணாம்பு அங்கங்கே புள்ளியாகத்தான் படிந்திருக்கிறது. சிறுநீரகம் நன்றாகவே வேலை செய்கிறது. தினமும் குடித்தால் நெடுநாள் காப்பாற்றிவிடலாம்.

அப்பாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். அவர் கையில் டயாலிசிஸ் ஊசி குத்திய இடத்தில் துணி ஒட்டியிருந்தது. எப்படிக் கலக்குவது, சாப்பாட்டுக்குப் பிறகு எப்படிக் குடிப்பது என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவள் போத்தலைத் தொடவே இல்லை. நடுவில் புகுந்து, "அப்பா இத ஒழுங்கா குடிச்சிருந்தா அவருக்கு இப்படி ஆகியிருக்காதா மிஸ்?" என்று கேட்டாள்.

அவர் பக்கத்திலேயே நிற்கிறார். ஆகியிருக்காது என்று சொன்னால், மகள் முன்னால் அந்த மனுஷனை நானே குற்றவாளியாக்குகிறேன். எப்படியும் ஆகியிருக்கும் என்று ஆறுதலாக ஒரு பொய் சொன்னால், பிறகு இவள் எதற்காக இந்தக் கண்றாவியை ஆயுள் முழுக்கக் குடிக்க வேண்டும்? ஒவ்வொருவருக்கும் வேறு வேறு மாதிரி என்று எதையோ மென்று விழுங்கினேன். அவள் விடவில்லை, ஆமாவா இல்லையா என்றாள். எனக்குப் பின்னால் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மதியழகன் அண்ணன் போத்தலை எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"ஆகியிருக்காதும்மா. குடிச்சிருந்தா லோரி ஓட்டிக்கிட்டு இருப்பேன். அத அந்த மிஸ்ஸி புள்ள வாயால சொல்ல வைக்காத."

கவுண்ட்டரில் எங்களைக் காப்பாற்றத்தான் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். ஆனால் பேசுவதற்கென்று அதன் நடுவில் ஓர் ஓட்டையும் வைத்துவிட்டார்கள்.