அரைக் கிலோ டம்பெல்லும் திரேசக்காவின் சும்மாடும்

"…அதில்ல மக்கா, இது எனக்க கையில இருக்கான்னே தெரியல்ல. ரெண்டு அயலை மீனுக்கு இதைவிட கனம் காணும், கேட்டியா" என்றார் திரேசக்கா. அவர் கையில் இருந்தது நான் கொடுத்த அரைக் கிலோ டம்பெல்.

புதுக்கடைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சி அறையில் உதவியாளராக இருக்கிறேன். படித்து வந்த வேலை இல்லை. கல்ஃபில் ஒரு ஓட்டல் ஜிம்மில் பதினொரு வருஷம் எடை அடுக்கி, பார்த்துப் பார்த்துக் கற்றது. சர்க்கரை உள்ளவர்களுக்கு டாக்டர் சீட்டு எழுதுவார். பக்கத்தில் நின்று செய்ய வைப்பது நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் செய்த தப்பு ஒன்றை எழுதி வைக்கிறேன்.

திரேசக்கா கடற்கரைக்காரர். அறுபது வயது, சந்தையில் மீன் விற்பவர். இரண்டு கண்ணிலும் புரை. மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) எட்டுக்குக் கீழே வந்தால்தான் ஆபரேஷன் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு அது ஒன்பதை ஒட்டி நின்றது.

"செவுளுக்க சிவப்பு தெரியல்ல மக்கா. போன வாரம் நாறின சூரை மீனை நல்லதுன்னு எடுத்திட்டேன். வாடிக்கைக்காரி ஒருத்தி முகத்துக்கு நேரா மணத்திப் பாத்திட்டு வச்சிட்டுப் போனா. நாப்பது வருஷத்தில அப்பிடி ஒருத்தி போனதில்ல" என்று ஒருநாள் சொன்னார். அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை.

வந்ததும் ஜன்னலோர நாற்காலியில் தன் சும்மாட்டைப் போடுவார். சருவம் என்கிற மீன் பாத்திரத்தைத் தலையில் ஏற்றுவதற்குச் சுருட்டி வைக்கிற துணி அது. சந்தையில் ஒருத்தி சும்மாட்டைப் போட்டுவிட்டுப் போனால் அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். எங்கள் அறையிலும் அது சட்டமாகிவிட்டது. ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஒருவர்கூட அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போவார்.

வயதானவர்களுக்கு எங்கேயாவது பிடித்துக்கொள்ளுமோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. ஐம்பது தாண்டிய பெண் என்றால் கை தானாக அரைக் கிலோவுக்குப் போய்விடும். திரேசக்கா அதை முப்பது தடவை தூக்குவார், தூக்கிக்கொண்டே பக்கத்து வீட்டுக் கல்யாணத்தை முழுக்கச் சொல்லி முடிப்பார். மூச்சு வாங்காது. நானும் நோட்டில் முப்பது என்று எழுதி டிக் போடுவேன். மூன்று மாதம் கழிந்து பரிசோதித்தபோது சராசரி அசையவே இல்லை. அக்கா ரிப்போர்ட்டைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்த வாரம் சாளை மீன் வாங்கச் சந்தைக்குப் போனேன். அக்கா வேனிலிருந்து மீனை இறக்கிக்கொண்டிருந்தார். "ஒரு கை பிடி மக்கா" என்றார். சருவத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் அதைத் தலையில் ஏற்றி, வழி விடச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டே நடந்துவிட்டார். இந்தப் பெண்ணுக்கா நான் அரைக் கிலோ கொடுத்தேன் என்று அங்கேயே நின்றேன்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "இவ்வளவு சுமக்கிற ஆளுக்கு சுகர் எப்படி சார் கூடும்?"

"காலைல ஒரு நேரம் சுமப்பாங்க. அப்புறம் மத்தியானம் வரை ஒரே இருப்புதானே? தசை நல்லா வேலை செஞ்சாத்தான் ரத்தத்தில உள்ள சர்க்கரையை உள்ள இழுக்கும். நீரு குடுத்தது அவங்களுக்கு வேலையே இல்ல வேய்" என்றார். ஆனால் உடனே எடையைக் கூட்ட விடவில்லை. முதலில் விழித்திரையையும் பிரஷரையும் பார்க்கச் சொன்னார். விழித்திரையில் ரத்தக் கசிவு இருந்தால் கனம் தூக்குவது ஆபத்து. அக்காவுக்குப் புரை மட்டும்தான் என்று வந்தது.

இரண்டு கிலோவில் தொடங்கி, வாரங்கள் போகப் போக ஐந்துக்கு வந்தோம். பத்துத் தடவைக்கு மேல் முடியாத கனம். கடைசி இரண்டு கஷ்டப்பட்டுத்தான் ஏறவேண்டும். வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒருநாள் ஓய்வு. மூச்சை அடக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட, பையில் நாலு மிட்டாய் இருக்கவேண்டும்.

ஐந்து கிலோ எடுத்த முதல் நாள், எட்டாவது தடவையில் கல்யாணக் கதை பாதியில் நின்றது.

"என்னக்கா, மாப்பிள வந்தானா இல்லியா?"

"லேய், பேச விடு பாப்போம்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்த ரிப்போர்ட்டில் ஏழு புள்ளி எட்டு. டாக்டர் மாத்திரையையும் கொஞ்சம் மாற்றியிருந்தார். முழுப் பேரையும் நான் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நான் கற்றது இதுதான்: எடையை நோயாளியின் வயதைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், ஆளைப் பார்த்துக் கொடுங்கள். பாவம் பார்த்துக் குறைத்துக் கொடுக்கிற கனமும் ஒரு தப்புதான். கதை சொல்லிக்கொண்டே தூக்கினால் நோட்டில் டிக் போடாதீர்கள்.

ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்த அன்று அக்கா நேரே அறைக்கு வந்தார். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கனம் தூக்கக் கூடாது என்று சொன்னேன்.

"ஒரு மாசமா? அதுக்குள்ள வேற எவளாவது இதை எடுத்திருவாளே" என்றார்.

பிறகு அந்த ஐந்து கிலோ டம்பெல் இரண்டையும் ஸ்டாண்டின் கோடியில் ஒதுக்கி வைத்து, இடுப்பிலிருந்த சும்மாட்டை உருவி அவற்றின்மேல் போட்டுவிட்டுப் போனார்.